நான் அழுதேன்னு எழுதிராதீங்க

துவாரகாவில் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது மதியம் தாண்டியிருந்தது. தில்லியின் குளிர்கால மதியம். வெளிச்சம் இருக்கும், வெயில் இருக்காது. புகையும் பனியும் கலந்து ஜன்னலுக்கு வெளியே எல்லாவற்றையும் அழித்திருந்தன. எதிர் டவரின் பால்கனிகள் மட்டும் தரையே இல்லாமல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றில் யாரோ சிவப்புக் கம்பளியை உதறினார்கள். சத்தம் கொஞ்சம் தாமதித்து வந்தது.

"வாங்க அக்கா, வாங்க மேடம். சாப்ட்டுட்டுத்தான் பேச்சு" என்றாள் ஜெயந்தி. வீடு முழுக்கப் பெருங்காய வாசனை.

சாப்பிட்டோம். ரசம், உருளைக்கிழங்கு, பொரித்த கூழ்வற்றல். என்னோடு வந்திருந்த வெளிநாட்டு நிருபர் மார்த்தா ஒவ்வொரு வற்றலையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். கை கழுவி வந்து உட்கார்ந்து பேனா மூடியைத் திறந்தாள். அப்போதுதான் ஜெயந்தி என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, ஒன்னே ஒன்னு மட்டும் அவங்ககிட்டச் சொல்லிருங்க. நான் அழுதேன்னு எழுதிராதீங்க."

அவள் அழவே இல்லை. அழப்போகிற முகமும் இல்லை. இரண்டு நிமிடம் முன்னால்தான், புருஷன் கப்பலில் சமையல்காரர் இல்லாத அன்று சாம்பார் வைத்த கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அப்படிச் சொல்றீங்க ஜெயந்தி?"

"அவுக படிப்பாகல்லா. எப்பமாவது நெட் கிடைக்கும். பொண்டாட்டி அழுதான்னு ஒரு வரி இருந்துச்சுன்னா அத மட்டுந்தான் படிப்பாக. அப்புறம் சாப்பிட மாட்டாக, தூங்க மாட்டாக. அங்க ஒரு ஆளு மனசு விட்டாம்னா மத்தவனும் விட்டுருவான், அக்கா."

நான் மொழிபெயர்த்தேன். மார்த்தா சொன்னாள்: "அழாவிட்டால் அழுததாக எழுத மாட்டேன். அழுதால் அவளைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுவேன். இதற்கு மேல் வாக்குக் கொடுக்க முடியாது என்று சொல்."

சொன்னேன். ஜெயந்தி மார்த்தாவை ஏற இறங்கப் பார்த்தாள். "அச்சா. சரி" என்றாள்.

கடலின் சத்தம்

பெயர்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன். மற்றபடி நடந்தது இதுதான்.

ஜெயந்தியின் கணவர் செல்வம் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். இருவருக்கும் தூத்துக்குடிப் பக்கம். ஜெயந்திக்கு விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலை கிடைத்ததால் தில்லிக்கு வந்தவர்கள். செல்வம் போன கப்பல், மேற்கே ஒரு நாட்டின் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றுவிட்டது. கப்பல் கம்பெனிக்கும் துறைமுகத்துக்கும் ஏதோ வழக்கு. வழக்கு முடியும்வரை கப்பல் நகரக் கூடாது, ஆட்கள் கரை இறங்கக் கூடாது. மழைக்காலத்தில் நின்ற கப்பல் குளிர்காலம் வந்தும் அங்கேயே நின்றது.

"ராத்திரி டெக்கில நின்னா ஊர் வெளக்கெல்லாம் தெரியுமாம். பஸ் போறதுகூடத் தெரியுமாம்" என்றாள்.

செல்வம் அனுப்பிய குரல் பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள். எல்லாவற்றிலும் முதலில் ஓர் உறுமல் கேட்கும். கப்பலின் ஜெனரேட்டர். அதற்குப் பின்னால் காற்று. அதற்கும் பின்னால், கூர்ந்து கேட்டால், தண்ணீர் இரும்பில் மெல்ல மோதும் சத்தம். அந்த மோதலுக்கு ஒரு தாளம் இருந்தது. மார்த்தாவுக்குத் தமிழ் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தாளத்தைக் கேட்டாள். ஜன்னலில் வெள்ளைப் புகை நின்றது. ஒரு கணம் நாங்கள் ஏழாவது மாடியில் இருக்கிறோமா கடலில் இருக்கிறோமா என்று எனக்கே பிடிபடவில்லை.

ஒரு பதிவில் செல்வம் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கோம். தார்ப்பாயக் கட்டி மழைத்தண்ணி பிடிச்சு வச்சிருக்கோம். வடிகட்டிக் குடிக்கோம். நீ கவலப்படாத."

உள் அறையிலிருந்து பத்து வயது மகள் எட்டிப் பார்த்தாள். "மம்மா, பாப்பாவோட மெசேஜா?"

"பாப்பாவாம்! அப்பான்னு சொல்லுட்டி. நம்ம ஊருல பாப்பான்னா கைக்கொழந்த" என்றாள் ஜெயந்தி. மகள் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனாள். அவளுக்கு இந்தி 'பாப்பா'தான் அப்பா.

நம்ப வைப்பது எப்படி?

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகர், "வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் எழுதுவதை எதை வைத்து நம்புவது?" என்று கேட்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தபோதுதான் துவாரகா வீடு நினைவுக்கு வந்தது.

என் வேலையைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன். ஐரோப்பாவிலிருந்து வரும் ஆங்கில நாளிதழ் ஒன்றின் தில்லி நிருபர்களுக்கு நான் உள்ளூர்த் துணை. ஆளைத் தேடிப் பிடிப்பது, கூட்டிப்போவது, மொழிபெயர்ப்பது, தகவலைச் சரிபார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. நிருபர்கள் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாறுவார்கள். நான் ஜனக்புரியிலேயே இருப்பேன்.

சிலர் மனதை உருக்குவதில் மன்னர்கள். முதல் பத்தியில் ஒரு தாய், இரண்டாம் பத்தியில் ஒரு செருப்பு, மூன்றாவதில் நமக்குத் தொண்டை அடைத்துவிடும். சிலர் நிபுணர்களின் பெயர்களை அடுக்குவார்கள். படிப்பவன் கை கட்டி நிற்பான். சிலரிடம் காரணகாரியம் ஒன்றன்பின் ஒன்றாகப் படியிறங்கும். மூன்றுமே தேவைதான். ஆனால் மூன்றையும் தாங்க அடியில் இன்னொன்று வேண்டியிருக்கிறது. எழுதியவர் நம்மை ஏமாற்ற மாட்டார் என்று படிப்பவருக்குத் தோன்ற வேண்டும். அதைச் சொல்லித் தோன்றவைக்க முடியாது.

கணுக்கால் அளவு தண்ணீர்

அப்பாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பத்திரிகைக் குறிப்பு தயாரிக்கும் பிரிவில் இருந்தார். லோதி ரோடு குடியிருப்பிலிருந்து சைக்கிளில் போய்வருவார். "நிலைமை முழுமையாகக் கட்டுப்பாட்டில் உள்ளது" என்ற வாக்கியத்தை எத்தனை தடவை எழுதியிருப்பாரோ, அது அவர் பேச்சிலேயே ஊறிவிட்டது. காலையில் அம்மா, "பால் வந்துதா?" என்று கேட்டால், "வழங்கல் சீராக உள்ளது" என்பார். பால் வந்திருக்காது.

மாலையில் அதே மனிதர் ரேடியோவைக் காதோடு வைத்து வெளிநாட்டு நிலையத்தைப் பிடிப்பார். அலைகள் ஏறி இறங்கும். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வரும், போகும். "ஏம்பா, நீங்க எழுதினதை நீங்களே நம்ப மாட்டீங்களா?" என்று கேட்டேன். "அவனுக்கு இங்க மாமனா மச்சானா? அதனால உள்ளதைச் சொல்லுவான்" என்றார்.

ஒரு மழைக்காலத்தில் அந்த நிலையம், தலைநகரம் வெள்ளத்தில் மூழ்கிவிட்டதாகச் சொன்னது. அவர்கள் பெயர் சொன்ன தெரு வழியாகத்தான் அப்பா அன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். கணுக்கால் அளவு தண்ணீர். அப்பா ரேடியோவை அணைத்தார். கோபப்படவில்லை. நெருங்கிய சிநேகிதன் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட மாதிரி முகம் வாடிப்போனார். அதன் பிறகும் கேட்டார், ஆனால் பழைய மாதிரி காதோடு வைத்துக் கேட்கவில்லை.

ஒரே ஒரு படகு

துவாரகாவுக்குத் திரும்புகிறேன்.

கப்பல் கம்பெனிக்கு மார்த்தா கேள்விகள் அனுப்பினாள். உணவும் குடிநீரும் முறையாக வழங்கப்படுகின்றன என்று பதில் வந்தது. அப்பாவின் ஞாபகம் வந்தது எனக்கு. செல்வத்தின் குரல் பதிவு எங்களிடம் இருந்தது. போதும், எழுதிவிடலாம் என்றேன். மார்த்தா, "இன்னொரு குடும்பத்தையும் கேட்கலாம்" என்றாள்.

அதே கப்பலில் இருந்த கொல்லத்துக்காரர் ஒருவரின் தம்பியைப் பிடித்தேன். மழைத்தண்ணீர் உண்மைதான் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். நடுவில் ஒருமுறை கம்பெனி படகு அனுப்பியதாம். கேன் கேனாகத் தண்ணீர் இறக்கினார்களாம். சில நாள் ஓடியது, பிறகு மறுபடி தார்ப்பாய்தான்.

ஜெயந்தியிடம் கேட்கப் போனோம். அன்று அவள் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது.

"ஆமா, வந்துச்சு. ஒருக்கா" என்றாள். "இத்தன மாசத்துல ஒரே ஒருக்கா. அத எதுக்கு எழுதணும்?"

"நடந்திருக்கு இல்லையா ஜெயந்தி..."

"எழுதினா என்னாகும்னு தெரியுமா? 'பாரு, தண்ணி குடுத்துருக்கான்'னுதான் படிக்கவன் சொல்லுவான். தார்ப்பாய மறந்துருவான். அவுக அங்க மழைக்கு வாயத் தொறந்துட்டு நிக்காக, நீங்க இங்க கம்பெனிக்காரனுக்கு நல்ல பேரு வாங்கிக் குடுக்கீங்களா?"

மொழிபெயர்க்க வாயெடுத்தேன். மார்த்தா கையமர்த்தினாள். குரலிலேயே புரிந்திருக்கிறது.

"படகு வந்ததையும் எழுதுவேன், அது ஒரே ஒருமுறைதான் என்பதையும் எழுதுவேன் என்று சொல்."

சொன்னேன். ஜெயந்தி அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் போட்டாள். "நீங்களும் அவன் ஆளுதானா?" என்று கேட்டாள். மார்த்தாவை அல்ல, என்னை. நான் அவள் மொழி பேசுகிறவள் அல்லவா?

அதன் பிறகு என் அழைப்புகளை அவள் எடுக்கவில்லை.

திரும்பும்போது மெட்ரோவில் மார்த்தாவோடு சண்டை போட்டேன். தரைக்கு மேலே ஓடும் பாதை. வெளியே விளக்குகள் மஞ்சள் கறைகளாக நழுவிப் போயின. "அவள் சொல்வதில் என்ன தப்பு? ஆறுதலாக எழுத வேண்டிய இடத்தில் நீ கணக்கு வாத்தியார் மாதிரி நிற்கிறாய்" என்றேன்.

மார்த்தா கண்ணாடியில் விரலால் ஒரு படகு வரைந்தாள். "இந்தப் படகைக் கம்பெனிக்காரர்கள் கட்டாயம் ஃபோட்டோ எடுத்து வைத்திருப்பார்கள். நான் மறைத்தால் மறுநாளே வெளியிடுவார்கள். அப்புறம் தார்ப்பாயை யார் நம்புவார்கள்? செல்வத்தின் குரலை யார் நம்புவார்கள்?"

"நம்பாவிட்டால்?"

"செய்தி செத்துப்போகும். எனக்கு ஒன்றும் ஆகாது. இன்னொரு ஊருக்கு மாற்றுவார்கள். அவள்தான் இங்கே இருப்பாள்."

அடுத்த நிலையத்தில் ஏறிய கூட்டம் எங்கள் நடுவே புகுந்தது. ஜனக்புரியில் நான் இறங்கிக்கொண்டேன். அவள் சொன்னது சரி என்று தெரிந்தது. ஆனாலும் ஜெயந்தி கேட்ட கேள்வி மனதில் வலித்துக்கொண்டே இருந்தது.

அழாத பெண்

மார்த்தா எழுதி அனுப்பினாள். ஆசிரியர் குழுவிலிருந்து திருத்தி வந்த பிரதியின் முதல் வரியில் ஜெயந்தி 'கண்ணீரை அடக்கியபடி' ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்த்தா அறைக்கதவைச் சாத்தாமலேயே தொலைபேசியில் பேசினாள். அவர்கள் ஊரில் அப்போது காலை. இந்தப் பக்கத்துப் பேச்சுதான் எனக்குக் கேட்டது.

"இல்லை, அவள் அழவில்லை... அடக்கவும் இல்லை... சிரித்தாள். ஆமாம், சிரித்தாள்... புருஷன் வைத்த சாம்பாரைப் பற்றி... வாசகர்கள் குழம்புவார்களா? குழம்பட்டும்... எனக்குத் தெரியும், கண்ணீர் இருந்தால் முதல் பக்கம். தெரிந்துதான் சொல்கிறேன்."

வைத்துவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். முகம் சிவந்திருந்தது. கட்டுரை ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கத்திலிருந்து வாரநாளின் உள்பக்கத்துக்குப் போய்விட்டது. "அடுத்த மாதம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சு இருக்கிறது. நல்ல நேரம் பார்த்துச் சண்டை பிடித்தேன்" என்று சொல்லிவிட்டு, "சாய் குடிக்கலாமா?" என்றாள்.

கீழே சாய்க்கடை பையா இஞ்சி தட்டிக்கொண்டிருந்தார். ஆவி பனியில் கலந்து எது எதுவென்று தெரியாமல் மேலே போயிற்று. அதைப் பார்த்துக்கொண்டே குடித்தோம். மெட்ரோவில் போட்ட சண்டை எங்கே போனதென்று தெரியவில்லை.

நாலாவது பத்தி

கட்டுரை வந்தது. முதல் வரியில் ஒரு பெண் சிரிக்கிறாள். மூன்றாம் பத்தியில் தார்ப்பாய். நாலாவது பத்தியில் படகு: ஒருமுறை வந்தது, அதன் பிறகு வரவில்லை.

மார்த்தா சொன்னபடியே நடந்தது. ஓரிரு நாளில் கம்பெனி அந்தப் படகின் ஃபோட்டோவை வெளியிட்டு, பத்திரிகை பொய் சொல்கிறது என்றது. இணையத்தில் யாரோ ஒருவர் அதன் கீழே, "கட்டுரையில் நாலாவது பத்தியைப் படியுங்கள்" என்று எழுதினார். பிறகு இன்னொருவர். எந்த நாளில் எடுத்தது, அதற்கப்புறம் வந்த படகின் ஃபோட்டோ எங்கே என்று கேள்விகள் வந்தன. கம்பெனியிடமிருந்து பதில் வரவில்லை.

அன்று மாலை என் ஃபோன் அடித்தது. ஜெயந்தி.

"அக்கா! படகு ஃபோட்டோவப் போட்டுருக்கான், பாத்தீங்களா?"

"பார்த்தேன்."

"அவனே வந்து மாட்டிக்கிட்டான் அக்கா!" சிரிப்பில் அவளுக்கு மூச்சு வாங்கியது. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்கு உங்கள ஒரு வார்த்த சொல்லிட்டேன்."

"விடுங்க."

"விட்டாச்சு. ஞாயித்துக்கெழம சாப்பிட வாங்க. அந்த மேடத்தையும் கூட்டிட்டு."

எங்கள் செய்தியால்தான் எல்லாம் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். மாலுமிகள் சங்கத்தார் மாதக்கணக்கில் போராடிக்கொண்டிருந்தார்கள். தூதரகத்தில் யாரோ ஒருவர் அக்கறை காட்டினார். ஆனால் சங்கத்துக்காரர் என்னிடம் ஒன்று சொன்னார். தங்கள் மனுவோடு எத்தனையோ பத்திரிகைச் செய்திகளை இணைத்தார்களாம். கம்பெனியின் வக்கீல் ஒவ்வொன்றிலும் ஒரு தவறைக் காட்டித் தள்ளினாராம். இதில் மட்டும் காட்ட எதுவும் இல்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை போனபோது ஜெயந்தி புதிதாக வந்த குரல் பதிவைப் போட்டாள். ஜெனரேட்டர் உறுமல், காற்று. பிறகு செல்வம்.

"ஏட்டி, கேப்டன் எல்லாரையும் மெஸ்ஸுல உக்கார வச்சு சத்தமா வாசிச்சாரு. என் சாம்பாரப் பத்தியா ஊர் உலகத்துக்கே சொல்லுவ? இங்க ஒவ்வொருத்தனும் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கான். ரொம்ப நாளாச்சுட்டி, இவனுவ சிரிச்சு."

நான் மொழிபெயர்த்து முடித்ததும் மார்த்தா எழுந்து பால்கனிக்குப் போனாள்.

தாடி

கோடை தொடங்கும்போது அவர்களைக் கரையிறக்கினார்கள். செல்வம் தில்லி வந்த அன்று நாங்களும் விமான நிலையத்தில் இருந்தோம். ஜெயந்திதான் கூப்பிட்டாள்.

எல்லோரும் எதிர்பார்ப்பதுபோல எதுவும் நடக்கவில்லை. செல்வம் நெஞ்சுவரை தாடியோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மகளுக்கு அடையாளம் தெரியவில்லை. அம்மாவின் துப்பட்டாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவர் குனிந்து, "என்னட்டி, தெரியலையா?" என்றார். அவள் உற்றுப் பார்த்தாள். "பாப்பா, பெஹலே ஷேவ் கரோ" என்றாள். முதலில் சவரம் செய்யுங்கள். வாசலில் நின்ற டாக்சி டிரைவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

ஜெயந்தி அவர் கையிலிருந்த வண்டியை வாங்கித் தள்ள ஆரம்பித்தாள். சொந்த ஆபீஸ் சரக்கை நகர்த்துவதுபோல அவ்வளவு வேகம். அவர் பின்னால் நடந்தார். தரை அசையவில்லை என்பதை நம்பாதவர் மாதிரி, ஒவ்வொரு அடியையும் கொஞ்சம் அகட்டி வைத்து நடந்தார். மார்த்தா அந்த நடையைத்தான் எழுதினாள். சின்னச் செய்தி. அதில் தாடியும் நடையும் இருந்தன, வேறு உணர்ச்சி எதுவும் இல்லை. ஆனால் படித்த என் தோழி ஒருத்தி, தனக்குத் தொண்டை அடைத்துவிட்டது என்றாள்.

மார்த்தாவின் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். தில்லிக்கு அல்ல, வேறொரு நாட்டுக்கு. போகும்போது ஜெயந்தி ஒரு டப்பா நிறையக் கூழ்வற்றல் கொடுத்து அனுப்பினாள்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். நல்ல மழை. ஜனக்புரி வீட்டில் துணியைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது.

"அக்கா, ஜெயந்தி பேசுதேன். அவுக மறுபடி கப்பல் ஏறிட்டாக. வேற கம்பெனி. இன்னைக்கு காலைலதான் போனாக."

"அப்படியா! ஏதாவது பிரச்சினையா? யார்கிட்டயாவது பேசணுமா?"

"அதெல்லாம் ஒன்னும் இல்ல. எழுததுக்கு இல்ல அக்கா. சும்மா, உங்ககிட்டப் பேசணும் போல இருந்துச்சு."

ஈரத் துணிகளை அப்படியே நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அவள் பேச ஆரம்பித்தாள். மழை விடும்வரை பேசினாள். இந்தக் கட்டுரையை எழுத அவளிடம் அனுமதி கேட்டபோது, "அந்த ஃபோன் வந்ததையும் எழுதிக்கோங்க, நான் பேசுனத மட்டும் விட்டுருங்க" என்றாள்.

விட்டுவிட்டேன்.